வெள்ளிக்கிழமை மட்டும் நுரைக்கும் ஓயா

இந்த நாட்டில் பார்க்கப் போவதற்கு எத்தனையோ நீர்வீழ்ச்சிகள் இருக்க, நான் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தது ஒரு சிறு நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை. பெப்ரவரி மாதம், மழை விட்டு ஓயாக்களில், அதாவது சிற்றாறுகளில், கல் தெரியும் காலம். மூன்று நாளில் திரும்புவதாகப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு இரத்தினபுரியிலிருந்து புறப்பட்டவள், பத்து நாள் தங்கிவிட்டேன்.

போனதற்குக் காரணம் என் தங்கை பிலோமினா. நாங்கள் பிலோ என்று கூப்பிடுவோம். அவளும் என்னைப் போலக் கணவரை இழந்தவள். களனி ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓயாவின் கரையில், தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்குள் குழாய் இருந்தும் காலையில் ஓயாவில்தான் குளிப்பாள். சில வருடங்களுக்கு முன், அவளுடைய படித்துறைக்கு இருநூறு மீற்றர் மேலே சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கடைத்தெருவின் கான்களில் ஓடிய அழுக்கெல்லாம் நேராக ஓயாவில் விழுந்த நிலை மாறி, குழாய் வழியாக அங்கே போய்ச் சுத்தமாகி வெளியே வருகிறது என்று அவள்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். ஜனவரியில் அதே வாயால் குறை சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் நுரைக்கிறது, நாறுகிறது என்று வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பினாள்.

மகன் ஸ்டீபன் வத்தளையில் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவன். வீடியோவைப் பார்த்ததும் அம்மாவுக்காக ஓர் அறையை ஒழித்து, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டான். பிலோ வரமாட்டேன் என்றாள். இரண்டு பேரும் மாறி மாறி எனக்குப் போன் எடுத்தார்கள். கடைசியில் ஸ்டீபன்தான் ஒரு வழி சொன்னான்.

"பெரியம்மா, நீங்க ஒருக்கா போயி ஒங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா அம்மா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா மாச முடிவுல வந்து கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். வீட்டையும் வித்துருவோம். நீங்க சொல்றதுதான் முடிவு."

என்னிடம் அவன் இதை ஒப்படைத்ததில் ஆச்சரியமில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஒரு விஷயத்தைப் பாதி பார்த்துவிட்டு முழுதாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். அவர் போட்ட தேநீரில் குறை சொல்ல வீட்டில் எனக்கு மட்டுமே தைரியம் இருந்தது. ஆனாலும், ஒருத்தி தன் வீட்டில் இருப்பதா இல்லையா என்பது என் மூக்கையும் கண்ணையும் பொறுத்தது என்று நினைத்தபோது, புறப்படுவதற்கு முதல்நாள் பயணப் பையை இரண்டு முறை அவிழ்த்து அடுக்கினேன்.

இனிப் பயணம். இரத்தினபுரி பஸ் நிலையத்திலிருந்து காலை 6.15க்கு அவிசாவளை பஸ். நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், சாதாரண பஸ்ஸில் 180 ரூபாய், ஒன்றரை மணித்தியாலம். இடது பக்கம் உட்கார வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று எழுத நினைத்தேன். திரும்பி வரும்போது அதே பக்கம்தான் நிழலாக இருந்தது. ஆகவே நேரத்தைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். அவிசாவளையில் இறங்கி மலசலகூடத்துக்குப் போனேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். போகிற இடம் அப்படிப்பட்டது என்பதால் இந்தப் பயணம் முழுக்க இவற்றைக் கவனித்துக்கொண்டே போனேன். பிறகு ஒரு பணிஸும் பிளேன்டீயும். அங்கிருந்து யட்டியாந்தோட்டைக்குப் பஸ் 110 ரூபாய், ஒரு மணித்தியாலம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விடும் பருவம் அது. பாதையின் இரண்டு பக்கமும் செம்பு நிறமாக இருந்தது.

யட்டியாந்தோட்டையிலிருந்து ஏழு கிலோமீற்றர் முச்சக்கரவண்டியில் போக வேண்டும். எழுநூறு ரூபாய் கேட்டார், அறுநூற்றைம்பதுக்கு வந்தார். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிலோ எனக்குக் கட்டளை போட்டிருக்கிறாள். "எழுதினா கொழும்புல இருந்து வேன் புடிச்சி வந்து, நம்ம ஓயாவுல சோத்துப் பொட்டலத்த எறிவாங்க" என்பது அவள் வாதம். சுத்திகரிப்பு நிலையம் உள்ள கடைத்தெரு என்று சொன்னால் அங்கே எந்தச் சாரதிக்கும் தெரியும்.

என் சாரதியின் பெயர் சுமணே. சிங்களவர். தோட்டப் பிள்ளைகளோடு வளர்ந்த தமிழ்.

"நோனா எங்க போறது?"

"சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கிட்ட. பாலத்துக்கு இந்தப் பக்கம்."

"அனே! அங்க யாரும் விருந்துக்குப் போறதில்லயே!"

"தங்கச்சி வீடு இருக்கு. அங்க நாத்தம் எப்படி?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னைக்குப் போனா ஒண்ணும் இல்ல நோனா. நாளைக்கும் நல்லம். நாளான்னைக்குத்தான் சரியான கந்த. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் பாலத்துல போவேன். சனி ஞாயிறு போனா கொறையும். பொறகு நல்லம்."

நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி, கந்த என்றால் நாற்றம். நான் போனது புதன்கிழமை. நாற்றத்துக்கு நாள் கணக்கு இருக்கும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. சாரதிகள் பேச்சுச் சுவைக்காகச் சொல்வதென்று விட்டுவிட்டேன்.

பிலோ கதவடியில் நின்றாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்த கையோடு, "வா, வந்து பாரு. பாக்கத்தானே வந்த" என்றாள். முகம் கழுவக்கூட விடவில்லை. நான் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் பேசின் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரின் நிறத்தை வெள்ளைப் பாத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். படித்துறையில் ஒரு பேசின் தண்ணீர் அள்ளி, வெயிலில் வைத்து, குனிந்து பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். கலங்கல் இல்லை. ஈரக் கல்லின் வாசனை மட்டும்.

"நல்லாத்தானே இருக்கு?"

"இன்னைக்கு நல்லா இருக்கும். வெள்ளிக்கிழம பாரு" என்றாள் பிலோ.

வியாழக்கிழமை ஊரைச் சுற்றிப் பார்த்தோம். இரண்டு மணித்தியாலம் போதும். கடைத்தெருவில் எண்ணிப் பார்த்தால் நாற்பது கடை இருக்கும். பாதிக்கு மேல் நம் தமிழர்கள்: ஜவுளி, பலசரக்கு, ஒரு நகைக்கடை. ஓயாக் கரையில் இரண்டு பக்கமும் மருத மரக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். மருத மரத்தின் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். மழைநீர் ஓடும் பெரிய கான் ஓயாவைத் தொடும் இடத்தில் இரும்பு வலை போட்டு, பிளாஸ்டிக் போத்தல்களைத் தடுக்கிறார்கள். வலையை நாளாந்தம் துப்புரவாக்குகிறார்கள் என்பதையும் பார்த்தேன். சந்தைக்குப் பின்புறம் முன்பு நடக்க முடியாத இடம். இப்போது அங்கே ஒரு வாங்குப் பலகை போட்டு, இரண்டு கிழவர்கள் பத்திரிகை வாசிக்கிறார்கள். எனக்கு மனம் ஆறியது. இவ்வளவு அக்கறையாகச் செய்தவர்களுடைய நிலையம் ஏன் நுரைக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அன்று பின்னேரம் பிலோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். அந்த ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசை கிடையாது. பங்குத்தந்தை வெள்ளிக்கிழமை காலையில்தான் வருவார். அதனால் வியாழன் பின்னேரம் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கோயிலையும் மண்டபத்தையும் மலசலகூடங்களையும் கழுவுவார்கள். பிலோதான் தலைவி. நானும் தும்புத்தடி எடுத்தேன். சும்மா நிற்க எனக்கு வராது. மண்டபத்து மூலையில், போன வருடக் கடைசியில் வெள்ளம் வந்தபோது கிணறுகளுக்குப் போடச் சொல்லிக் கொடுத்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் மிச்சம் இருந்தன. அதை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார்கள். வீடுகளுக்கும் கொண்டுபோகலாம்; கடைக்காரர்களும் வந்து வாங்கிப் போனார்கள். இலவசமாக வந்த பொருளை வீணாக்க யாருக்கு மனம் வரும்? கண் எரிந்தாலும் தரையைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சுத்தமான மலசலகூடத்தை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. அதைப் பிலோவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூசை முடிந்து படித்துறைக்குப் போனோம்.

சுமணே பேச்சுச் சுவைக்காகச் சொல்லவில்லை. மேலேயிருந்து வெளிர் பழுப்பு நுரை, அப்பளம் அப்பளமாக மிதந்து வந்தது. பேசினில் அள்ளிய தண்ணீரில் சாம்பல் நிறத் துகள்கள். மணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பிலோ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீரை அல்ல.

"அக்கா, ஸ்டீபன்கிட்ட என்ன சொல்லப் போற?"

"உள்ளதைத்தான் சொல்லணும்."

"அஞ்சாம் மாடியில நான் எங்க போயி காலை நனைக்கிறது? குளியலறை ஷவருக்குக் கீழ நின்னா எனக்கு மூச்சு முட்டும்."

 அவளுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம். அந்தப் பொய்யை நம்பி அவள் அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் இறங்குவாள். பேசினைக் கழுவி வைத்துவிட்டு, நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நடந்தேன். பிலோ வரவில்லை.

நிலையத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. நான் கேட்டிருக்கவில்லை. காவலாளி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பொறுப்பதிகாரியை அழைத்து வந்தார். நதீஷா என்ற இளம் பெண், பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவர், கேகாலைப் பக்கம். என் தங்கை வீடு கீழே இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அந்த அம்மா வீடியோ எனக்கும் வந்துச்சு" என்றார்.

அவர் சுற்றிக் காட்டியதைச் சுருக்கமாக எழுதுகிறேன், பார்க்கத் தகுந்தது. முதலில் கம்பித் தடுப்பு: துணி, பை, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் எல்லாம் அங்கே நிற்கும். அடுத்தது பெரிய தொட்டி. அடியிலிருந்து காற்று ஊதுகிறார்கள். பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிடுகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருந்து அழுக்கைத் தின்கின்றன. தின்று கனத்ததும் அடுத்த தொட்டியில் அவை அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தெளிந்த தண்ணீர் மணலில் வடிந்து, கடைசியில் கிருமி நீங்க அளந்து குளோரின் சேர்க்கப்பட்டு, ஓயாவுக்குப் போகிறது.

நதீஷா உயரமான ஒரு கண்ணாடிக் குவளையில் பெரிய தொட்டித் தண்ணீரை எடுத்து மேசையில் வைத்தார். நல்ல நாளில் அரை மணித்தியாலத்தில் பழுப்பு எல்லாம் கீழே இறங்கி, மேலே கண்ணாடிபோல் தெளிந்து நிற்குமாம். நாங்கள் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றும் இறங்கவில்லை. குவளை முழுக்கக் கலங்கல்.

"செத்துப் போச்சு. முழுசா இல்ல, பாதிக்கு மேல. வெள்ளிக்கிழமை வந்தா இப்படித்தான். திங்களுக்குள்ள மெதுவா மீண்டு வரும், திரும்ப வெள்ளிக்கிழமை விழுந்துடும்" என்றார். (அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.) "ரப்பர் தொழிற்சாலை அசிட் விடுதோன்னு சந்தேகப்பட்டு அதைச் சோதிச்சேன். இல்லை. அவங்களுக்குத் தனிக் குளம் இருக்கு. என் மேலதிகாரிங்க இந்த மாசத்துக்குள்ள காரணம் கேட்டிருக்காங்க. எனக்குத் தெரியலை, அம்மா. வெள்ளிக்கிழமையில அப்படி என்னதான் இருக்கு?"

அவர் பௌத்தர். அவர்களுக்குப் போயா என்ற பௌர்ணமி நாள்தான் நாள். வெள்ளியும் செவ்வாயும் ஒன்று. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கைகளில் முதல்நாள் பின்னேரத்து மணம் அப்போதும் இருந்தது.

"மகள், இந்த உயிர்களுக்குப் பிளீச்சிங் பவுடர் ஆகுமா?"

"ஐயோ, வேண்டாம். ஏன் கேக்குறீங்க?"

"வெள்ளிக்கிழமை இந்த ஊர்ல தமிழ் வீடு ஒண்ணு விடாம கழுவுவாங்க. இந்துக்கள் கடையையும் வீட்டையும் காலையில கழுவி, சாம்பிராணி போட்டுத்தான் யாவாரம் தொடங்குவாங்க. நாங்க அதுக்கு முதல்நாளே கோயிலைக் கழுவுவோம். முன்னெல்லாம் மஞ்சள் தண்ணி, சவர்க்காரம். இப்ப எல்லார் வீட்டுலயும் வெள்ளத்துக்குக் கிடைச்ச மூட்டை இருக்கு."

நதீஷா எழுந்து, அலுமாரியிலிருந்து சின்னச் சோதனைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு கம்பித் தடுப்புக்கு ஓடினார். நானும் என்னால் முடிந்த வேகத்தில் பின்னால் போனேன். காலை பத்தரை மணி. கடைகள் கழுவி முடித்த தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம். குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு மாத்திரையைப் போட்டார். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறுமாம். இளஞ்சிவப்பு இல்லை, அடர்ந்த ரோஜா நிறம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது. இவ்வளவு நாளும் அசிட்டைத்தான் தேடியிருக்கிறார். பவுடர் கலந்த தண்ணீர் வருவது வியாழன் பின்னேரத்திலிருந்து வெள்ளி முற்பகல் வரை.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிலையம் நல்ல நிலையம். நோய் ஊரில் இருக்கிறது. ஊரைக் குணப்படுத்துவது சுலபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அங்கேதான் நான் தவறாகக் கணக்குப் போட்டேன்.

"அப்ப நான் கோயில் கழுவுறது குத்தமா?" என்றாள் பிலோ.

"கழுவுறது குத்தமில்ல. அதை ஊத்துறதுதான்."

"நேத்து நீதானே சொன்ன, இப்படிச் சுத்தமான கக்கூஸ கண்டதில்லன்னு?"

"சொன்னேன்."

"இப்ப நானே என் வீட்டக் கெடுத்துக்கிட்டேன்னு சொல்ற."

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். அன்றும் சனிக்கிழமையும் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஸ்டீபன் போன் எடுத்தான். இன்னும் பார்த்து முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு செபம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பெண்களை நிறுத்தி வைத்து, நான் எழுந்து விளக்கினேன். நதீஷா சொன்னதை ஒழுங்காக, முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றும் விடாமல் சொன்னேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி கேட்டாள்: "ரத்னபுரி அக்கா, அந்தப் புழு பூச்சிக்காக நாங்க நாறிக்கிட்டு பூசைக்கு வரணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "கடைசியில அவங்களும் அதத்தானே போடுறாங்களாம்! அவங்க போட்டா சுத்தம், நாங்க போட்டா பாவமா?" என்றாள். நான் அதற்கும் விளக்கம் தொடங்கினேன்.

பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிலோ முன்னுக்கு வந்தாள்.

"அக்கா, நீ உக்காரு. நீ பேசினா இவளுக பரீட்ச வைக்கப் போறன்னு பயப்படுவாளுக." பிறகு கடைசியாகக் கேள்வி கேட்டவளைப் பார்த்தாள். "ஏண்டி செபஸ்தி, சனிக்கிழம ராவைக்கு அப்ப மாவு கரைச்சி வப்பியா?"

"வப்பேன். அதுக்கென்ன?"

"கள்ளு ஊத்துவியா?"

"சாமியாருக்குச் சொல்லிப்புடாத. கொஞ்சம் ஊத்துவேன்."

"காலையில பொங்கியிருக்கும். பொங்குற நேரத்துல அதுல ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டா?"

"பைத்தியமா ஒனக்கு? மாவு செத்துப் போகும்."

"அங்க தொட்டியிலயும் அப்ப மாவுதான் பொங்குது. நம்ம போயி போயி அதுல பவுடர கொட்டுறோம். அவங்க அப்பத்தச் சுட்டு எடுத்த பொறகு சட்டியக் கழுவுறாங்க. அதுக்குத்தான் கடைசியில போடுறது. விளங்குச்சா?"

மண்டபத்தில் தலைகள் ஆடின. விளங்கிவிட்டது. எனக்குமே அப்போதுதான் நன்றாக விளங்கியது என்று இங்கே எழுதினால் பிலோ இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். எழுதாமலும் விடமுடியவில்லை.

திங்கட்கிழமை பிலோ என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். ஜவுளிக்கடை முதலாளி தலையைச் சொறிந்தார்.

"அப்ப வெள்ளிக்கிழம கடைய எதுல கழுவச் சொல்றீங்க, பிலோக்கா?"

"மஞ்சத் தண்ணிலதான். ஒங்க அப்பா எதுல கழுவினாரு? லச்சுமி வராமயா போனா?"

"அவரு காலத்துல ஓயா இதவிட நாறிச்சே!"

"அதுக்குத்தானே இப்ப குழாய் போட்டு வச்சிருக்கு. மிச்சப் பவுடர எடு, பார்ப்போம்."

எடுத்துக் கொடுத்தார். அன்று பின்னேரத்துக்குள் சுமணேயின் முச்சக்கரவண்டி இரண்டு முறை நிறைந்து போனது. மூட்டைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். கிணறுகளுக்கு அளந்து போடுவது அவர்கள் வேலை. வியாழன் பின்னேரம் கோயிலைச் சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் போட்டு, முழங்காலில் நின்று தேய்த்தோம். ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுத்தது. முழங்கால் இன்னும் வலிக்கிறது.

இந்த இடத்தில், போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டிக் கேளுங்கள். என்னைப் போல வாசலில் போய் நிற்காதீர்கள். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பின் வசதி. மூடிய சப்பாத்து அவசியம். தொட்டியின் மேலுள்ள இரும்புப் பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அரை மணித்தியாலம் அந்தக் கண்ணாடிக் குவளையைப் பார்க்காமல் வரவேண்டாம், அதற்காகவே போகலாம். தங்குவதற்கு அந்த ஊரில் விடுதி இல்லை. யட்டியாந்தோட்டையில் விசாரியுங்கள், அல்லது காலையில் வந்து மாலையில் திரும்புங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் நாலு மணிக்கே கிளம்புவது நல்லது. ஓயாத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குளிக்கலாமா என்று நதீஷாவிடம் நேராகக் கேட்டேன். படித்துறைத் தண்ணீரை அவர் எடுத்துச் சோதிக்கிறார். நிலையம் ஒழுங்காக ஓடும்போது குளிக்கலாம், மழை வெள்ளத்தில் கூடாது என்றார். கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிலோ பாலத்தடியில்தான் இருப்பாள்.

உங்கள் சொந்த ஊரிலும் இப்படி ஒரு நிலையம் இருந்தால், ஒரு நாள் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை. வீட்டில் தண்ணீரை ஊற்றியதும் அது முடிந்துபோனது என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அது ஒருவருடைய படித்துறைக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நதீஷா போன் எடுத்தார். சோதனைக் குழாயில் நிறம் வரவில்லை; குவளையில் பழுப்பு மெதுவாக இறங்கத் தொடங்கிவிட்டது என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பேசினை எடுத்துக்கொண்டு பிலோவோடு இறங்கினேன். பாலத்தில் ஒரு முச்சக்கரவண்டி போனது. உள்ளே யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நுரை இல்லை. பேசினில் அள்ளிய தண்ணீரை வெயிலில் வைத்தேன். எனாமலில் இருந்த பழைய கீறல்கூட அடியில் தெளிவாகத் தெரிந்தது. மோந்தேன். இன்னொரு முறை அள்ளினேன், நடு ஓட்டத்திலிருந்து. மூன்றாம் முறை குனிந்தபோது பிலோ பொறுமை இழந்துவிட்டாள். நெஞ்சு வரை குளியல் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஏற்கனவே தண்ணீரில் நின்றாள்.

"எத்தன பேசின் பாப்ப? மோந்து மோந்து ஓயா வத்திப் போகும். ஏறங்கு!"

"நான் குளிச்சிட்டேன்."

"கரையில நின்னுக்கிட்டு என் மகன்கிட்ட என்னத்தச் சொல்லுவ? நீயே ஏறங்காத தண்ணிக் கரையில என்னய இருக்கச் சொல்லப் போறியா?"

அவள் கேட்டது நியாயம். படித்துறைக் கல்லில் செருப்பைக் கழற்றி வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பேசினுக்குள் வைத்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புடவையோடு, ஒரு படி, இன்னொரு படி என்று இறங்கினேன். தண்ணீர் குளிர்ச்சியாக, இடுப்பு வரை வந்தது. புடவை மிதந்தது; பிலோ அதைப் பிடித்து என்னைச் சுற்றிக் கட்டிவிட்டு, என் தலையில் இரண்டு செம்பு ஊற்றினாள். நான் மூச்சு வாங்கினேன். அவள் சிரித்த சிரிப்பு அக்கரையில் கேட்டிருக்கும்.

கல்லின் மேலிருந்த போன் அடித்தது. பிலோ எட்டி ஒரு விரலால் தட்டி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"பெரியம்மா? ஸ்டீபன். இன்னைக்கு வெள்ளிக்கிழம ஆச்சே, தண்ணியப் பாத்தீங்களா? என்ன முடிவு?" கொஞ்சம் பொறுத்து, "என்ன சத்தம் அது? எங்க நிக்கிறீங்க?"

"ஓயாவுல. இடுப்புத் தண்ணியில."



"அம்மா எங்க?"

"எனக்கு முதுகு தேச்சுக்கிட்டு இருக்கா. பொறகு எடு, மகன்."